ஊசிமேல் ஒரு பல்

அம்மா இறந்தபோது பல் கிளினிக் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். அம்மாவின் கையில் எச்சில் உறிஞ்சும் குழாய். முதலில் குழாய் விழுந்தது, பிறகு அம்மா. டாக்டர் ஓடினார், வரவேற்பில் இருந்த பெண் ஓடினாள், ஆம்புலன்ஸ் வந்தது, போனது. அவ்வளவு நேரமும் அந்த மனிதர் வாயை மூடவே இல்லையாம். "மூடிக்கலாம்" என்று சொல்வது அம்மாவின் வேலை. சொல்ல ஆள் இல்லை.

இதை எனக்குச் சொன்ன டாக்டர் பாதியில் சிரித்துவிட்டார். உடனே மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள், அவரைவிடச் சத்தமாக.

தெருவில் அவள் பெயர் பல்லம்மா. அந்த கிளினிக்கில் டாக்டர்கள் மாறினார்கள், நாற்காலி மாறியது, அம்மா மாறவில்லை. மனிதர்களை முகத்தை வைத்து அவளுக்கு அடையாளம் தெரியாது. "யாரு, மேல ரெண்டு பல்லுக்கு நடுவுல சந்து இருக்குமே, அவரா?" என்பாள். நான் கட்டிக்கொள்ள நினைத்தவனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவன் கிளம்பிய பிறகு, "எப்படிம்மா?" என்றேன்.

"மேல் வரிசை பிரமாதம். கீழ கொஞ்சம் நெரிசல். சமாளிச்சுக்கலாம்."

சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் ஒரு ரெக்கார்டு பிளேயர் உண்டு. ஆசைப்பட்டு வாங்கியது அப்பா. வாங்கிய வாரமே, ஊசியில் தூசி அடைந்திருப்பதைப் பார்த்துப் பெருவிரலால் துடைத்தார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருடைய பெருவிரல் மற்றவர்களுக்கு முழங்கை. நாம் ஊசி என்று சொல்வது உண்மையில் தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு வைரத்துகள். தண்டு மடங்கிவிட்டால் வைரம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது மடங்கியது.

"இது பஸ் இல்லீங்க," என்றாள் அம்மா. "இனிமே உங்க கை அந்தப் பக்கம் வந்துச்சு, உங்களுக்கு ஊசி போட்டுருவேன்."

அன்றிலிருந்து பாட்டு அப்பாவின் இலாகா, ஊசி அம்மாவின் இலாகா. அவளுக்குப் பாட்டில் பெரிய நாட்டம் கிடையாது. பாடகர் உச்சத்துக்குப் போகும்போது, "இவருக்குக் கடைவாயில சொத்தை இருக்கு, காத்து ஒழுகுது" என்பாள். ஆனால் ஊசியை ஒரு நோயாளியின் பல்லைப்போலப் பார்த்துக்கொண்டாள். அதற்கான கருவிகள் எல்லாம் கிளினிக்கிலிருந்து வந்தவை: கைப்பிடி உடைந்த வாய்க்கண்ணாடி, மெல்லிய தூரிகை, டாக்டர் தொலைத்துவிட்டதாக இன்றும் நம்பும் ஒரு பூதக்கண்ணாடி. சுழலும் தட்டின்மேல் வாய்க்கண்ணாடியை மல்லாக்க வைத்து, அதன்மேல் ஊசியை இறக்குவாள். ஊசியும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரிய வேண்டும். முழங்கால்போல மடங்கித் தெரிந்தால் ஊசி சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். "கோணாத. இன்னும் கொஞ்சம். ஆ, அப்படியே இரு," என்று அதனுடன் பேசிக்கொண்டே திருகுவாள். தூரிகையைப் பின்னாலிருந்து முன்னால் இழுப்பாள், குறுக்கே ஒருபோதும் இல்லை. முடித்ததும் பிளேயரைப் பார்த்து, "கொப்பளிங்க" என்பாள். பிறகுதான் பாட்டு.

நான் படித்து, தராசுகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனேன். மருந்துக் கம்பெனித் தராசு, நகைக்கடைத் தராசு, எல்லாவற்றையும் சோதித்து, சரியென்றால் பச்சை வில்லை, தப்பென்றால் சிவப்பு வில்லை ஒட்டுவேன். "ஊர்ல ஒருத்தரையும் நம்பாத வேலை" என்பது அம்மாவின் சுருக்கவுரை.

அந்தச் சமயத்தில்தான் டிப்போவில் ஜாக்கி நழுவி அப்பாவின் இடது கால் நசுங்கியது. எலும்பு சேர்ந்தது, ஆனால் குட்டையாகச் சேர்ந்தது. வலது காலை வைப்பார். இடது காலைப் போடுவார். தொம். எங்கள் வீடு மாடி, மரப்பலகைத் தளம். கீழே சலூன். எலும்பு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். தெருவில் நடந்தால் ஆளாளுக்குக் காலைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள் என்று அப்பா மறுத்தார். அம்மா ஒரு விதி போட்டாள். பாட்டுத் தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை வீட்டுக்குள் நடக்க வேண்டும். பக்கம் முடிந்தால் உட்காரலாம். பல வருஷம் அப்படித்தான் நடந்தார். முட்டி மடங்கியது, நீண்டது.

அம்மா போன அன்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதாவது எழுந்திருப்பார், கழிப்பறைக்குப் போவார், சுவரைப் பிடித்துக்கொண்டு. நடை இல்லை.

எலும்பு டாக்டர் வீட்டுக்கே வந்து முட்டியை மடக்கிப் பார்த்தார். அப்பா கத்தினார். டாக்டர் என்னை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"இப்படியே விட்டா மூட்டு பூட்டிக்கும். அப்புறம் படி இறங்கறதுக்கு ரெண்டு பேர் தூக்கணும்."

அப்பாவைத் தூக்க இரண்டு பேர் போதாது. எனக்கு விடுமுறை முடியப்போகிறது. அவர் இந்த வீட்டைவிட்டு வரமாட்டார். ஆக அவர் நடக்க வேண்டும். வேறு வழியில்லை.

டாக்டரை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது சலூன்காரர் மறித்தார்.

"என்னம்மா, அப்பா நடக்கறதே இல்லையா?"

"தொந்தரவு இல்லாம நிம்மதியா இருப்பீங்களே அண்ணே."

"எங்க நிம்மதி? இத்தனை வருஷமா ஒவ்வொரு தொம்முக்கும் கத்தியத் தூக்கித் தூக்கிப் பழகிப்போச்சு. இப்ப சத்தம் இல்ல, ஆனா கை அதுபாட்டுக்குத் தூக்குது. 'ஏன்யா, உனக்கு வாதமா?'ன்னு கேக்கறான் ஒருத்தன். கழுத்தைக் குடுத்துட்டுக் கேக்கற கேள்வியா அது?"

முதலில் என் செல்போனில் அதே பாட்டுகளைப் போட்டேன். அப்பா கொஞ்சநேரம் கேட்டார்.

"இது எப்ப முடியும்?"

"முடியாதுப்பா. நாம நிறுத்தற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும்."

"அப்ப நான் எப்ப உக்கார்றது?"

நியாயமான கேள்வி. போனை அணைத்தேன். பிளேயரின் மூடியைத் திறந்தேன்.

ஊசியில் ஒரு தூசிப்பந்து தொங்கிக்கொண்டிருந்தது. தூரிகையை எடுத்தேன்.

"ஏய் இன்ஜினியர், அதைத் தொடாத," என்றார் அப்பா. "அது உங்கம்மா இருந்தப்ப சேர்ந்த தூசி."

"அம்மா இருந்தப்ப தூசி சேர விட்டாங்களாப்பா?"

யோசித்தார். "இல்லதான். எடுத்துரு."

பூதக்கண்ணாடியில் ஊசியைப் பார்த்தேன். கூம்பாக இருக்க வேண்டிய வைரம் உளிபோலத் தேய்ந்திருந்தது. பிளேயரில் கிடந்த பாட்டுத் தட்டை எடுத்துச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். கருப்பாகப் பளபளக்க வேண்டிய வரிகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. யாரோ அழுத்தி அழுத்தி உழுத மாதிரி. காரணம் உடனே தெரிந்தது. ஊசியைத் தாங்கும் கையின் தலைப்பக்கத்தில், மேலே, கிளினிக் பிளாஸ்திரியால் சுற்றிய ஒரு கட்டி. என் வேலைப் பையிலிருந்த சின்னத் தராசை வைத்து, அதன்மேல் ஊசியை இறக்கினேன். அதற்குமுன் தராசையே என் இரண்டு கிராம் படிக்கல்லை வைத்துச் சோதித்தேன், அது வேறு விஷயம். ஊசி மூன்று கிராமுக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு இருக்க வேண்டும். இரண்டரைக்கு மேல் கூடவே கூடாது என்று கம்பெனி கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

பிளாஸ்திரியைப் பிரித்தேன். உள்ளே ஒரு பல் இருந்தது.

மனிதப் பல். வேரோடு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எந்த நோயாளியுடையதோ. தூரிகை, கண்ணாடி, பூதக்கண்ணாடி எடுத்து வந்தவள் பல்லையா விட்டுவிடப்போகிறாள்? கழுவி ஒரு கிண்ணத்தில் போட்டு, அப்பாவின் மாத்திரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கழுவினேனே தவிர, வேறெங்கே வைப்பது என்று தோன்றவில்லை.

மறுநாள் புது ஊசி வாங்கி வந்து மாட்டினேன். கோண அட்டையை வைத்து ஊசி நிற்கும் இடத்தைச் சரிபார்த்தேன். வாய்க்கண்ணாடியில் நிமிர்வைப் பார்த்தேன். ஊசியைத் தாங்கும் கையின் பின்பக்கம் ஒரு கனமான உருளை இருக்கும். அதை முன்னால் திருகினால் ஊசியில் அழுத்தம் கூடும், பின்னால் திருகினால் குறையும். திருகித் திருகித் தராசில் இரண்டுக்குக் கொண்டுவந்தேன். சரியாக இரண்டு. பச்சை வில்லை ஒட்டலாம்போல இருந்தது. அதிகம் தேயாத ஒரு தட்டாகப் பார்த்து எடுத்துப் போட்டேன்.

பாட்டு வந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சுத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை. பாடகர் மூச்சு வாங்குவது கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படிப்பா?"

"நல்லா இருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"நடங்க."

நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். வலது காலை வைத்தார். இடது காலைப் போட்டார். தொம். பலகை அதிர்ந்தது, ஊசி துள்ளி, பாடகர் ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். இன்னொரு தொம். இன்னொரு வரி போயிற்று. மூன்றாவதற்கு ஊசி வழுக்கிக்கொண்டு ஓடித் தட்டின் நடுவில் போய் நின்றது.

"ஒரு பக்கம் முடிஞ்சுபோச்சு," என்று அப்பா உட்கார்ந்தார்.

விடவில்லை. பிளேயரை மூலைச் சுவரோரம் நகர்த்தினேன். ரப்பர் பந்துகளைப் பாதியாக வெட்டி அடியில் வைத்தேன். சலூன்காரரின் பழைய கல்பலகை ஒன்றை அவரும் நானுமாக மாடிக்குத் தூக்கி வந்து பிளேயருக்கடியில் போட்டோம். அழுத்தத்தை இரண்டரைக்கு ஏற்றினேன். குதித்தது. அதற்குமேல் ஏற்ற என் கை வரவில்லை. அம்மாவின் தப்பைத் திருத்த வந்தவள் அதே தப்பைச் செய்வதா? எத்தனை கடைக்காரர்கள், "கொஞ்சம்தானேம்மா கூட" என்று கெஞ்சியும் சிவப்பு வில்லை ஒட்டியிருப்பேன்!

சலூன்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு கல்லின்மேல் கையை வைத்தார். "இதுக்குக் கல்லறைக்கல்லே வச்சிருக்கலாம்," என்றவர் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா."

"பரவால்ல அண்ணே. அம்மா இருந்தா உங்க பல்லை எண்ணியிருப்பாங்க."

"எண்ணினாங்களே. நாலு போச்சுன்னாங்க. பொண்டாட்டிக்கே தெரியாது அது."

அவர் போனதும் அப்பா, "விட்டுருடி," என்றார். "காலு எப்படியோ போகட்டும். நீ கிளம்பற வேலையப் பாரு." சொல்லிவிட்டு மாத்திரைக்குக் கையை நீட்டினார். கை கிண்ணத்தின்மேல் நின்றது.

"இது இங்க எப்படி வந்துச்சு?"

"எது?"

"என் பல்லு."

"உங்க பல்லா?"

அப்பா உதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். மேல்வரிசையில், கோரைப்பல்லுக்கு அடுத்து ஓர் ஓட்டை. இத்தனை வருஷம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். அம்மா என்றால் ஓட்டையைத்தான் முதலில் பார்த்திருப்பாள்.

"கால் உடைஞ்ச வருஷம் பிடுங்கினது. உங்கம்மாதான் குழாயைப் பிடிச்சா. நான் டாக்டர் விரலைக் கடிச்சுட்டேன். கடிச்சேன்னா, நல்லாவே. உங்கம்மா அவர்கிட்ட ஆயிரம் தடவ மன்னிப்புக் கேட்டா. தெருவுக்கு வந்ததும் விளக்குக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. நிக்கவே முடியல அவளால."

"அதை ஏன் ஊசிமேல வச்சாங்க?"

"நான் நடந்தா குதிச்சுதே. இன்னிக்குப் பாத்தியே, அதே கூத்துதான். மொதல்ல ஒரு காசை வச்சா. பாட்டு தண்ணித் தொட்டிக்குள்ளேருந்து வர்ற மாதிரி வந்துச்சு. அப்புறம் என் சட்டைப் பட்டன். பத்தல, குதிச்சுது. அப்புறம் பையைத் திறந்து இதை எடுத்தா. பஞ்சுல சுத்தி வச்சிருந்தா. எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னு கேட்டேன். 'உங்க வாயிலேருந்து வந்ததுல இது ஒண்ணுதான் திடமா இருந்துச்சு'ன்னா."

அப்பா பல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"'உங்க காலால வந்த வம்பு, உங்க பல்லே தீர்க்கட்டும்'னு ஒட்டினா. அதுக்கப்புறம் குதிக்கவே இல்ல."

வாங்கித் தராசில் வைத்தேன். ஒரு கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டோடு அது சேர்ந்தால் முதல் நாள் நான் பார்த்த அதே எண்.

"அப்பா, இதனாலதான் தட்டெல்லாம் தேஞ்சு போயிருக்கு. அம்மா செஞ்சது தப்பு. ரெண்டரைக்கு மேல போகக் கூடாது."

"தேயட்டுமே. எனக்கும்தான் மூட்டு தேயுது. நான் என்ன புதுசா வாங்கிக்கவா போறேன்?"

இதற்குக் கையேட்டில் எண் இல்லை. தட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும், அந்த ஒவ்வொரு தடவையும் இவர் ஒரு பக்கம் நடப்பார். எதைத் தேயவிடுவது என்று அம்மா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். நான் தட்டின் பக்கம் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

"சரி," என்றேன். "மூணுக்கே வைக்கிறேன். ஆனா அதுக்குப் பல்லு வேண்டாம்ப்பா. பின்னாடி இந்த உருளையைக் கொஞ்சம் முன்னால திருகினா அதே அழுத்தம் கிடைச்சுரும். அம்மாவுக்கு இது தெரியாமலா போச்சு? கடைக்காரர் வச்ச இடத்துலயே விட்டுட்டாங்கபோல."

அப்பா தராசிலிருந்து பல்லை எடுத்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியாது."

"உங்களுக்கு?"

"நான் மெக்கானிக்டி."

"அப்ப ஏன் சொல்லல?"

"பல்லை ஒட்டிட்டு நிமிர்ந்து பாத்தா. நான் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். குதிக்கல. அவ மூஞ்சியப் பாக்கணுமே நீ. ராக்கெட் விட்டவன்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டான்." பல்லை என் கையில் வைத்தார். "அந்த நேரத்துல போய், திருகினாப் போதும்னு எவன் சொல்லுவான்? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

முகத்தைத் துடைக்க எழுந்து போய்ப் பிளாஸ்திரி தேடுகிற மாதிரித் தேடினேன். பிளாஸ்திரி முதல் இழுப்பறையிலேயே இருந்தது. ஆனாலும் மூன்று இழுப்பறைகளைத் திறந்து மூடினேன்.

"நீங்களே ஒட்டுங்கப்பா."

"ஐயோ, நான் மாட்டேன். எனக்கு அந்தப் பக்கம் கை வைக்கத் தடை இருக்கு. ஊசி போட்டுருவா."

நானே ஒட்டினேன். உருளையை இரண்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, பல்லை ஊசிக்கு நேர் மேலே படுக்க வைத்து, இரண்டு சுற்று பிளாஸ்திரி. வாய்க்கண்ணாடியில் நிமிர்வைப் பார்த்தேன். சற்றே சாய்ந்திருந்தது. பல்லின் வேர்ப்பக்கம் கனம் குறைவு. மயிரிழை அளவு நகர்த்தினேன். பிம்பம் நேரானது. தராசு மூன்றைத் தாண்டிக் காட்டியது. தராசை மூடிப் பெட்டியில் வைத்தேன். தூரிகையைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தேன். அப்பாவை நடக்கவைக்க அம்மா அடிக்கடி போட்ட பழைய தட்டை, அந்தச் சாம்பல் பூத்த தட்டை, எடுத்து வைத்தேன்.

"கொப்பளிக்கச் சொல்லல?" என்றார் அப்பா.

சொன்னேன். ஊசியை இறக்கினேன்.

பாட்டு கரகரவென்று வந்தது. பாடகருக்கு உண்மையிலேயே சொத்தை இருப்பதுபோலக் காற்று ஒழுகியது. அப்பா எழுந்து நின்றார். முட்டி சொடுக்கியது. வலது காலை வைத்தார். இடது காலைப் போட்டார்.

தொம்.

கல்பலகை அதிர்ந்தது. பல் அசையவில்லை. பாடகர் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

தொம்.

கீழே சலூனில் ஏதோ உலோகக் கிண்ணம் விழுந்து உருண்டது. "வந்துட்டாரு! தலைய ஆட்டாதீங்க சார், வந்துட்டாரு!" என்று சலூன்காரர் கத்தினார். யாரோ ஒருவர் பதறிப்போய், "யாரு வந்துட்டாரு?" என்றார்.

அப்பா சன்னல்வரை போனார், திரும்பினார், சமையலறைவரை போனார். வியர்த்தது. சுவரைப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை நின்று முட்டியைத் தேய்த்துவிட்டு, பிளேயரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு மறுபடி நடந்தார். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தொம்முக்கும் அது தட்டைக் கொஞ்சம் உழுதுகொண்டு போனது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

பக்கம் முடிந்தது. ஊசி கடைசி வளையத்தில் சுற்றிச் சுற்றி டிக், டிக் என்றது. அப்பா அறையின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார்.

"முடிஞ்சுதுப்பா. உக்காருங்க."

உட்காரவில்லை.

"தட்டுக்கு இன்னொரு பக்கம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா விதி ஒரு பக்கம்தானே?"

"விதி போட்டவ இருந்தா கேட்டிருப்பேன். திருப்பிப் போடு."

பலகை இடுக்கு வழியாகக் கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னொரு பக்கமா? சார், பாதி மீசையில நிக்கறேன் சார்!"

தட்டைத் திருப்பிப் போட்டேன்.